பந்தைத் தொடாதவரின் கை எத்தனை அங்குலம்?

அமெரிக்கக் கால்பந்தில் ஐந்து பேர் மட்டும் ஒரு விசித்திரமான வேலையைச் செய்கிறார்கள். நடுவில் நிற்கும் சென்டர் பந்தைப் பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக்கிடம், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவரிடம், கொடுப்பார். அதோடு அந்த வரிசைக்கும் பந்துக்கும் உள்ள உறவு அநேகமாக முடிந்துவிடும். மீதி நேரமெல்லாம் எதிரணிக்காரர் குவார்ட்டர்பேக்கை நெருங்காமல் மறிப்பதுதான் வேலை. இவர்களை லைன்மேன் என்பார்கள். வரிசையின் இரு ஓரத்தில் நிற்பவர் டேக்கிள். ஒழுங்காக ஆடினால் டிவி கேமரா இவர்கள் பக்கமே திரும்பாது.

இவர்களுக்குக் கோல் கணக்கோ ரன் கணக்கோ கிடையாது. கல்லூரியில் ஆடும் ஒரு டேக்கிளைத் தொழில்முறை அணி ஒன்று எதை வைத்து எடைபோடும்? ஒரு வழி, நாடாவை எடுத்து அளப்பது. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி கடைசியில் இண்டியானாபோலிஸ் நகரில் நடக்கும் கம்பைன் என்ற சோதனை முகாமில், சுமார் 140 கிலோ எடையுள்ள இளைஞர்களின் கையைத் தோள் எலும்பின் நுனியிலிருந்து நடுவிரல் நுனிவரை அளக்கிறார்கள். எட்டில் ஒரு பங்கு அங்குலம் வரை கணக்கு உண்டு. 34 அங்குலம் என்றால் டேக்கிளுக்கு மகிழ்ச்சி. 33-க்குக் கீழே போனால், 'இவரை உள்ளே தள்ளி, சென்டருக்கும் டேக்கிளுக்கும் நடுவில் நிற்கும் கார்டாக ஆடவைக்கலாமா?' என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

2025-இல் இந்தப் பேச்சில் சிக்கியவர் வில் கேம்ப்பெல். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக மூன்று ஆண்டுகள் இடது டேக்கிளாக ஆடியவர். இண்டியானாபோலிஸில் அவர் கை 32 5/8 அங்குலம். சில வாரங்கள் கழித்து அவருடைய பல்கலைக்கழகத்திலேயே அளந்தபோது 33. நடுவில் கை வளர்ந்திருக்காது! தோள் எலும்பின் நுனி தோலுக்கும் தசைக்கும் அடியில் இருக்கிறது, விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தோளைக் கொஞ்சம் தளர்த்தினாலோ தூக்கினாலோ எண் மாறும். ஆய்வகத்தில் ஒரே கம்பியை மூன்று முறை அளந்து மூன்று விடை வாங்கியவர்களுக்கு இது புரியும். அளவீட்டுப் பிழையே அத்தனை இருக்கும்போது, ஒரு கோடு போட்டு அதற்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று ஆளைப் பிரிப்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் படுகிறது.

ஆனால் கை நீளம் வெறும் மூடநம்பிக்கையும் அல்ல. ஒரு காலத்தில் லைன்மேன் கையை நீட்டித் தள்ளக் கூடாது, மார்போடு ஒட்டி வைத்துத்தான் மறிக்க வேண்டும். 1978-இல் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் விதியை மாற்றியது. குவார்ட்டர்பேக்கைக் காக்கும்போது கையை நீட்டலாம், உள்ளங்கையை விரிக்கலாம் என்றானது. நீட்ட அனுமதி வந்த பிறகுதான் நீளத்துக்கு மதிப்பு வந்தது. யார் கை எதிராளியின் மார்பில் முதலில் பதிகிறதோ, அவர் கையில்தான் பிடி.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருவரும் நெருங்கும் வேகம் வினாடிக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஓர் அங்குலம் கூடுதல் நீளம் தரும் லாபம் வினாடியில் ஆயிரத்தில் ஐந்து பங்குதான். கண் இமைக்கும் நேரத்தில் அது இருபதில் ஒன்றுகூட இல்லை. கையை எப்போது வீசுவது என்ற நேரக் கணிப்பில் ஒரு நல்ல ஆட்டக்காரர் இதைவிடப் பல மடங்கு மீட்டுவிடலாம். சரி, கை மோதிய பிறகு? அங்கேதான் நீளத்துக்கு நிஜமான பலன். இருவரும் கையை முழுதாக நீட்டி நிற்கும்போது குட்டைக் கைக்காரருக்கு எதிராளியின் மார்பு எட்டாது. அந்த நிலைக்கு நேரக் கணிப்பு உதவாது.

தள்ளுமுள்ளில் யார் கீழே இருக்கிறாரோ அவரே ஜெயிப்பார் என்று பயிற்சியாளர்கள் கத்துவதற்கும் இயற்பியல் காரணம் உண்டு. கீழிருந்து மேல்நோக்கித் தள்ளினால் எதிராளியின் எடையில் ஒரு பங்கு நம் கைக்கு வந்துவிடுகிறது. அவர் காலுக்கும் தரைக்கும் உள்ள அழுத்தம் குறைகிறது, உராய்வு குறைகிறது, ஷூ வழுக்குகிறது. எதிர்விசையோ நம்மைத் தரையில் இன்னும் அழுத்தமாக ஊன்றுகிறது. அதனால்தான் வீடியோவில் முதலில் முழங்காலைப் பார்க்கிறார்கள். முழங்காலை மடக்கித் தாழ்பவர் வேறு, இடுப்பை வளைத்துத் தலையை முன்னால் நீட்டுபவர் வேறு. இரண்டாமவரின் எடை பாதத்துக்கு முன்னால் போய்விடும். எதிராளி சற்று விலகி ஓர் இழு இழுத்தால் போதும், குப்புற விழுவார்.

கம்பைனின் மற்ற சோதனைகளை நான் அவ்வளவு நம்புவதில்லை. 40 கெஜ ஓட்டம் டேக்கிளுக்கு எதற்கு? அதில் முதல் 10 கெஜ நேரம் மட்டும் உருப்படி. மல்லாந்து படுத்து 102 கிலோ பாரத்தை எத்தனை முறை தூக்குகிறார் என்றும் எண்ணுகிறார்கள். ஆட்டத்தில் மல்லாந்து கிடந்தால் ஏற்கெனவே தோற்றாயிற்று. தவிர, கை நீளமானவர் பாரத்தை அதிக தூரம் தூக்க வேண்டும். ஒரு சோதனை விரும்பும் உடலை இன்னொன்று தண்டிக்கிறது. 2018-இல் ஆர்லாண்டோ பிரவுன் ஜூனியருக்கு 35 அங்குலக் கை. பாரத்தைத் தூக்கியது 14 முறை, நின்ற இடத்திலிருந்து எம்பியது 19.5 அங்குலம், 40 கெஜத்துக்கு 5.85 வினாடி. தொழில்முறை அணிகள் முறைவைத்துச் சுற்றுச் சுற்றாகக் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் விழாவில், மூன்றாம் சுற்றுவரை சரிந்து 83-ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். 2020-இல் ட்ரிஸ்டன் விர்ஃப்ஸ் 36.5 அங்குலம் எம்பி எல்லோரையும் வாய்பிளக்க வைத்தார். கடைசியில் இருவருமே, லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான புரோ பௌலுக்குப் பலமுறை தேர்வான டேக்கிள்கள்.

அப்புறம் எதைத்தான் பார்ப்பது? என்னைக் கேட்டால், தோற்ற பிறகு வரும் அரை வினாடியை. எவ்வளவு நல்ல டேக்கிளும் சில சமயம் முதல் அடியில் ஏமாறுவார். அப்போது இடுப்பு இறுகி நின்றுவிடுகிறதா, அல்லது கால் தானாக இடம் மாறி மறுபடி எதிராளியின் முன்னால் வந்து நிற்கிறதா? இதைப் பார்க்க மைதானத்தின் கோடியில், உயரத்தில் வைத்த கேமராவின் பதிவு வேண்டும். கல்லூரிப் புள்ளிவிவரம் இங்கே ஏமாற்றும். பல கல்லூரி அணிகள் பந்தைச் சட்டென்று வீசிவிடும் ஆட்டமுறையில் ஆடுகின்றன. ஒன்றரை வினாடி மறித்தாலே போதும் என்றால் யாரும் நல்ல டேக்கிளாகத் தெரிவார். எதிராளிகள் இருவர் ஓடும் பாதையைக் குறுக்கே மாற்றிக்கொள்ளும்போது அவர் கண் எங்கே போகிறது என்பதும் முக்கியம். நாடாவால் அளக்க முடியாத சமாச்சாரம் அது.

கேம்ப்பெலை 2025 ஏப்ரலில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி நான்காவது ஆளாக எடுத்தது. குட்டைக் கை விவாதம் வரும்போதெல்லாம் தவறாமல் வரும் பெயர் டேக்கிள் ஜோ தாமஸ். அவர் கையும் 33 அங்குலத்துக்குக் குறைவுதான். 2007-இல் கிளீவ்லாண்ட் பிரௌன்ஸ் அவரை மூன்றாவது ஆளாக எடுத்தது. அன்று அவர் விழா மேடையில் இல்லை, அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு ஒன்றைக்கூடத் தவறவிடாமல் தொடர்ந்து 10,363 ஆட்டத் துண்டுகளில் (சென்டர் பந்தைக் கொடுப்பதிலிருந்து ஆட்டம் நிற்கும்வரை ஒரு துண்டு) களத்தில் நின்றார். 2017 அக்டோபரில் அந்தத் தொடர் அறுந்தது, இடது கையில் ட்ரைசெப்ஸ் தசை கிழிந்ததால்.