ஒரு கேள்விக்கு எத்தனை கார்டு?

ஆலோசனைக்கு வருகிறவர்களில் சிலர் தயங்கித் தயங்கித்தான் சொல்வார்கள்: "நான் டாரோ கார்டு பார்ப்பேன், தப்பா நினைக்காதீங்க." படம் வரைந்த சீட்டுகளை எடுத்துக் குறி பார்ப்பதுதான் டாரோ. தப்பாக நினைக்க எதுவும் இல்லை. ஒரு கார்டை எடுத்து வைத்துக்கொண்டு பத்து நிமிடம் தன்னோடு பேசுவது நல்ல பழக்கம்தான். நான் கேட்பது ஒன்றுதான்: ஒரே விஷயத்துக்கு எத்தனை முறை எடுக்கிறீர்கள்?

"அவர் திரும்பி வருவாரா?" என்று கேட்டு ஒருவர் கார்டை எடுக்கிறார். வந்தது பிடிக்கவில்லை. கலைத்து மறுபடி எடுக்கிறார். அதுவும் சரியில்லை, 'தெளிவுக்காக' இன்னொன்று. ஒருவழியாக நல்ல கார்டு வந்ததும் மனம் ஆறுகிறது, ஒரு மணி நேரத்துக்கு. அப்புறம் கை மறுபடி கார்டுக் கட்டைத் தேடுகிறது. பூட்டிய கதவைத் திரும்பத் திரும்பப் போய் இழுத்துப் பார்ப்பது போன்றதுதான் இதுவும். பதற்றம் குறைவதில்லை, வளர்கிறது.

இந்தக் கார்டுகள் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டாடுவதற்காகப் பிறந்தவை. குறி பார்க்கும் வழக்கம் பரவியது 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சில். மொத்தம் 78: 'மேஜர் ஆர்கானா' எனப்படும் தனிப் படக் கார்டுகள் 22, 'மைனர் ஆர்கானா' எனப்படும் நான்கு இனக் கார்டுகள் 56. இதே போலக் குறி பார்க்க எடுக்கும் இன்னொரு வகையான ஆரக்கிள் கார்டுக்கு இப்படிக் கணக்கு கிடையாது, உருவாக்குபவர் வைத்ததுதான் எண்ணிக்கை. இன்று பலர் கையில் இருப்பவை 1909இல் லண்டனில் வெளியான கட்டைப் பின்பற்றியவை. அதை வரைந்த பமேலா கோல்மன் ஸ்மித்தின் பெயர் வெகுகாலம் பெட்டியில்கூட இல்லை என்பது வேறு வருத்தம்.

அவர் வரைந்த 'ஐந்து கோப்பைகள்' கார்டையே எடுத்துக்கொள்வோம். கறுப்பு அங்கி போர்த்திய ஒருவர் தலைகுனிந்து நிற்கிறார். முன்னால் மூன்று கோப்பைகள் கவிழ்ந்து கிடக்கின்றன. முதுகுக்குப் பின்னால் இரண்டு கவிழாமல் நிற்கின்றன. தள்ளி ஓர் ஆறு, ஒரு பாலம். கையேட்டை உடனே திறக்காதீர்கள். கண் முதலில் எங்கே போனது? பின்னால் இருக்கும் இரண்டையும் கவனிக்காமலே விடுகிறவர்கள் உண்டு. "இவர் ஏன் திரும்பியே பார்க்க மாட்டேங்கிறார்?" என்று கோபப்படுகிறவர்களும் உண்டு. எனக்கு வேண்டியது அந்தக் கோபம்தான். பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.

"எனக்கென்றே எழுதியது போல இருக்கு" என்று தோன்றுவதற்கும் காரணம் உண்டு. 1948இல் உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் 39 மாணவர்களுக்கு ஒரே குணச்சித்திரத்தை, அவரவருக்கென்று தனியே தயாரித்தது போலக் கொடுத்தார். பொருத்தத்துக்கு அவர்கள் போட்ட சராசரி மதிப்பெண் 5க்கு 4.26. பொதுவாகச் சொன்னதில் நம் கதையை நாமே நிரப்பிக்கொள்கிறோம். எதை நிரப்பினோம் என்று கவனித்தால் அதுவே நல்ல சுயபரிசோதனை.

ஆகவே கேள்வியை மாற்றுங்கள். 'வருவாரா' வேண்டாம், 'இந்தக் காத்திருப்பு என்னை என்ன செய்கிறது' என்று கேளுங்கள். ஒரு கார்டு போதும். தேதி போட்டு நாலு வரி எழுதுங்கள். அதே கேள்வியோடு ஒரு வாரத்துக்குக் கட்டைத் தொடாதீர்கள்.

மரணக் கார்டைக் காட்டிப் பயமுறுத்தி, பரிகாரத்துக்குப் பணம் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். மாத்திரையை நிறுத்தலாமா என்பதை அதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள். தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், வாழ்ந்து என்ன என்று தோன்றினால் கட்டை மூடி வைத்துவிட்டு, நம்பிக்கையான ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.