பெப்டைடு: சொல் விளக்கம்

பெப்டைடு (பெயர்ச்சொல்): இரண்டு முதல் ஏறத்தாழ 50 வரை அமினோ அமிலங்கள் வரிசையாகப் பிணைந்த சேர்மம். ஒவ்வொரு பிணைப்பு உருவாகும்போதும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். அதைவிட நீண்டால் புரதம் என்பார்கள். இந்த எல்லை வசதிக்காகப் போட்டதுதான்.

வேர்: கிரேக்கத்தில் 'பெப்டோஸ்' என்றால் செரித்தது. தியோடோர் ஷ்வான் 1836இல் இரைப்பை நொதிக்குப் பெப்சின் என்று பெயரிட்டதும் அந்த வேரிலிருந்துதான். பெப்சின் புரதத்தை வெட்டிய பிறகு கிடைக்கும் கலவை பெப்டோன். அதையொட்டி எமில் ஃபிஷர் 1902இல் பெப்டைடு என்ற சொல்லை அமைத்தார். வடமொழி வழியாக நமக்கு வந்த 'பக்குவம்' என்பதற்கும் மூலம் இதே பழைய வேர்.

தமிழில் 'புரதக்கூறு', 'புரதத் துணுக்கு' என்று எழுதுகிறார்கள். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் ஒதுக்கும் மீன் தலை, தோல், குடலிலிருந்து எடுப்பதற்கு இந்தப் பெயர்கள் கச்சிதம். கழிவை அரைத்து நீர் சேர்த்து, மீனின் சொந்த நொதிகள் அடங்க 90 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்குவார்கள். ஆறியதும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பிஎச் 2க்குக் கொண்டுவந்து, புரத எடையில் நூற்றில் ஒரு பங்கு பெப்சின் சேர்த்து, 37 டிகிரியில் சில மணி நேரம் கலக்கிக்கொண்டே வைப்பார்கள். பிறகு மறுபடி கொதிக்கவைத்து நொதியை நிறுத்தி, காரம் விட்டு நடுநிலையாக்கி, மையவிலக்கியில் சுழற்றி வடிகட்டுவார்கள்.

பெரும்பாலும் கோளாறு நேர்வது அந்த நடுநிலையாக்கலில்தான். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பு. அது சிறிய பெப்டைடுகளோடு சேர்ந்து வடிகட்டியைத் தாண்டிவிடும். இப்படி எடுத்த பெப்டைடு புற்றணுவைக் கொல்லுமா என்று செல் வளர்ப்புத் தட்டில் சோதிப்பார்கள். அங்கே உப்பு மிகுந்தாலே செல்கள் சாகும். அதைப் புற்றணு எதிர்ப்பு என்று ஆய்வேட்டில் எழுதிவிடுவார்கள். ஆகவே மீன் சேர்க்காமல் பெப்சின், அமிலம், காரம் மட்டும் அதே அளவில் சேர்த்த ஒரு வெற்றுக் கரைசலையும், பக்கத்தில் இயல்பான மனித செல்களையும் வைத்துச் சோதிக்காத முடிவை நம்பக் கூடாது. தேனீ நஞ்சிலுள்ள 26 அமினோ அமில மெலிட்டின் புற்றணுவையும் கொல்லும், சிவப்பணுவையும் உடைக்கும்.

ஆனால் மருத்துவமனை வரை வந்த இயற்கைப் பெப்டைடுகள் பலவும் துணுக்குகள் அல்ல. 1940இல் மண் நுண்ணுயிரியிலிருந்து பிரித்த ஆக்டினோமைசின், குழந்தைகளின் சிறுநீரகப் புற்றான வில்ம்ஸ் கட்டிக்குக் கொடுக்கப்படுகிறது. இந்தியப் பெருங்கடலின் கடல் முயல் என்னும் நத்தை இன உயிரியிலிருந்து ஜார்ஜ் பெட்டிட் குழுவினர் பிரித்து 1987இல் அறிவித்தது டோலாஸ்டாடின் 10. அதை உண்மையில் உண்டாக்குவது கடல் முயல் தின்னும் நீலப்பசும்பாசி என்ற நுண்ணுயிரி என்று பின்னர் தெரிந்தது. இவை புரதம் உடைந்து வந்தவை அல்ல. நுண்ணுயிரின் நொதிகள் ஒவ்வொரு கண்ணியாகக் கோத்துக் கட்டியவை. டோலாஸ்டாடின் தனியாக மனிதர்களிடம் தேறவில்லை. அதன் சாயலில் செய்த சேர்மத்தை எதிர்ப்பொருளோடு இணைத்த பிரெண்டுக்சிமாப் வெடோடின் 2011இல் அமெரிக்காவில் ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுக்கு ஒப்புதல் பெற்றது.

எனவே எங்கள் பரிந்துரை: நொதியால் வெட்டி எடுத்ததற்குப் 'புரதத் துணுக்கு', பொதுப்பெயராக 'அமினோ அமிலக் குறுந்தொடர்', அல்லது பாடநூல் வழக்குப்படி 'பெப்டைடு' என்றே இருக்கட்டும். பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மாணவர் தமிழில் கட்டுரை எழுதினாலும் இந்த வேறுபாட்டைக் காக்க வேண்டும்.

'மருந்து' என்ற சொல்லில் இன்னும் கவனம் தேவை. தட்டில் செல்லைக் கொன்றது 'புற்று எதிர்ப்புத் தன்மை கொண்ட பொருள்', அவ்வளவே. மேலே சொன்ன மருந்துகள் ரத்தக் குழாய் வழியாக ஏற்றப்படுபவை. சாதாரணப் பெப்டைடை விழுங்கினால் பெப்சினும் குடல் நொதிகளும் அமினோ அமிலங்களாக நறுக்கிவிடும். பெப்டைடு பொடியையோ மீன்சாற்றையோ நம்பி யாரும் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் குறித்துக் கொடுத்த ஊசித் தேதியைத் தள்ளிப்போட வேண்டாம்.

வாக்கியத்தில்: 'மத்தித் தோலின் புரதத் துணுக்குகள் ஆய்வகத்தில் புற்று எதிர்ப்புத் தன்மை காட்டின, மனிதர்களிடம் இன்னும் சோதிக்கப்படவில்லை.'