திருடன் தெரிகிறான், முகம் தெரியவில்லை

திருட்டு நடந்த வீட்டில் கண்காணிப்புக் கேமராப் பதிவை ஓட்டிப் பார்த்தால் பெரும்பாலும் காணக் கிடைப்பது இதுதான். நள்ளிரவு தாண்டி ஓர் ஆள் மதிலேறிக் குதிக்கிறான், வாசல் வரை நடக்கிறான், கேமராவை நிமிர்ந்துகூடப் பார்க்கிறான். அந்த இடத்தில் நிறுத்தி முகத்தைப் பெரிதாக்கினால் சாம்பல் நிறக் கட்டங்கள் மட்டுமே மிஞ்சுகின்றன. வந்தவன் ஒல்லியா, உயரமா, தனியாகத்தான் வந்தானா என்பதெல்லாம் தெரிகிறது. யார் என்பது மட்டும் தெரியவில்லை. பணம் செலவழித்து வீட்டைச் சுற்றி எட்டு கேமரா மாட்டியவருக்கு இதைவிடப் பெரிய ஆற்றாமை இருக்க முடியாது. அந்தக் கேமராக்களில் பழுது எதுவும் இல்லை. வாங்குவதற்கு முன் போட்டிருக்க வேண்டிய ஒரு சிறு கணக்கை யாரும் போடவில்லை.

கடையில் நாம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மெகாபிக்சல்?" விற்பவரும் 2, 4, 5, 8 என்று அடுக்குவார். 2 மெகாபிக்சல் கேமரா தரும் படத்தில் இடமிருந்து வலமாக 1920 புள்ளிகள் (பிக்சல்கள்) இருக்கின்றன. இந்த 1920 புள்ளிகளும் எவ்வளவு அகலமான இடத்தின் மீது பரவப் போகின்றன என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அகலத்தைத் தீர்மானிப்பது லென்ஸ். வீடுகளில் பரவலாக மாட்டப்படும் 2.8 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 105 பாகை விரிந்து பார்க்கிறது. கேட் 7 மீட்டர் தள்ளி இருந்தால், அந்தத் தொலைவில் 18 மீட்டர் அகலம் முழுவதும் படத்துக்குள் வந்துவிடும். 1920-ஐ 18-ஆல் வகுத்தால் மீட்டருக்கு ஏறக்குறைய 105 புள்ளிகள். மனித முகத்தின் அகலம் சுமார் 16 செ.மீ. என்றால், கேட்டருகே நிற்பவர் முகத்துக்குக் கிடைப்பவை 17 புள்ளிகள். நாலு புள்ளி வைத்துத் தேர்க்கோலம் போட முடியாதல்லவா? மூக்கும் புருவமும் தாடையும் பிரிந்து தெரிய 17 புள்ளிகள் போதாது.

இதற்கென்று சர்வதேசத் தரநிலையே இருக்கிறது. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையமான ஐஇசி வெளியிட்ட 62676-4 என்ற அந்த ஆவணத்தின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு, ஓர் ஆள் இருப்பதை உணர மீட்டருக்கு 25 புள்ளிகள் போதும் என்கிறது. ஏற்கெனவே தெரிந்தவரை இன்னார் என்று சொல்ல 125 வேண்டும். முன்பின் அறியாத ஒருவரைப் பிற்பாடு ஐயமில்லாமல் அடையாளம் காட்ட 250 வேண்டும். அதாவது முகத்தின் குறுக்கே 40 புள்ளிகள். நம் வீட்டுக் கேமரா 105-இல் நிற்கிறது. பால்காரரையே அரைகுறையாகத்தான் அடையாளம் காணும்; திருடனை எங்கே காண்பது?

250 என்ற அளவை வைத்துக்கொண்டு திரும்பக் கணக்கிட்டால், 2 மெகாபிக்சல் கேமராவில் 2.8 மி.மீ. லென்ஸ் 3 மீட்டர் வரைதான் முகத்துக்கு உதவும். 3.6 மி.மீ. லென்ஸ் 4 மீட்டரைத் தொடும். 6 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 8 மீட்டர் வரை எட்டும். பார்வை அகலம் பாதியாகக் குறைந்துவிடும். சரி, லென்ஸை அப்படியே விட்டு மெகாபிக்சலைக் கூட்டினால் என்ன? கூட்டலாம். ஆனால் புள்ளிகள் நீளத்திலும் உயரத்திலும் சேர்ந்து பெருகுவதால், 2-இலிருந்து 8 மெகாபிக்சலுக்குப் போய் நான்கு மடங்கு புள்ளிகளை வாங்கினாலும் முகம் தெரியும் தொலைவு இரு மடங்குதான் ஆகும். ஒரே விலைக்கு எட்டு அகலக் கேமராவா, நான்கு நல்ல கேமராவா என்று கேட்டால் நான் தயங்காமல் நான்கையே சொல்வேன். அதில் ஒன்று முற்றம் முழுவதையும் பார்க்கட்டும். இன்னொன்று 6 மி.மீ. லென்ஸுடன் கேட்டை மட்டும், அல்லது வாசல் நிலையை மட்டும் பார்க்கட்டும். உள்ளே வருகிறவர் எவராயினும் கடந்தே தீர வேண்டிய குறுகிய இடத்தில் ஒரு கூரிய பார்வை இருக்க வேண்டும்.

வீட்டுக்கான கேமராவை முதன்முதலில் யோசித்தவர் இதைச் சரியாகவே யோசித்திருந்தார். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் வசித்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற செவிலியர், கணவர் ஆல்பர்ட்டுடன் சேர்ந்து 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969 டிசம்பரில் அது கிடைத்தது. அவருடைய அமைப்பில் கதவில் வெவ்வேறு உயரங்களில் நான்கு துளைகள். உள்ளே ஒரு கேமரா அவற்றுக்கிடையே மேலும் கீழும் நகரும். நெட்டையானவர் வந்தாலும் குழந்தை வந்தாலும் முகத்துக்கு நேரே கேமரா நிற்கும். படுக்கையறைத் திரையில் பார்த்துக்கொண்டே ஒலிபெருக்கி வழியாகப் பேசலாம், கதவைத் திறக்கலாம், ஆபத்தென்றால் பொத்தானை அழுத்தி எச்சரிக்கை எழுப்பலாம்.

நாமோ "எட்டாத உயரத்தில் மாட்டுங்கள்" என்று சொல்லி முதல் மாடி சன்ஷேடுக்குக் கீழே மாட்டச் செய்கிறோம். 4 மீட்டர் உயரத்தில் இருக்கும் கேமரா, 3 மீட்டர் தள்ளி நிற்பவரை 39 பாகைச் சாய்வில் பார்க்கிறது. அதில் பதிவது உச்சந்தலையும் தொப்பி விளிம்பும். அதையே 2.4 மீட்டரில் மாட்டினால் சாய்வு 15 பாகைதான். முகம் முகமாகவே தெரியும். கைக்கு எட்டும் உயரம்தான், உடைத்துவிடுவான்தான். உடைக்க நெருங்கும்போதே அவன் முகம் பதிந்துவிடுகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கிழக்குப் பார்த்த வாசலை வீட்டுக்குள்ளிருந்து நோக்கும் கேமரா என்றால், காலை வெயிலில் வருகிறவர் கரிய நிழலாகத் தெரிவார். ஒரே காட்சியைக் குறைந்த ஒளியளவிலும் கூடிய ஒளியளவிலும் எடுத்து இணைக்கும் டபிள்யூடிஆர் வசதி உள்ள கேமரா அங்கே அவசியம்.

மாட்ட வந்தவர் ஏணியிலிருந்து இறங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. ஒரு ஏ4 தாளைக் கேட்டில் முக உயரத்தில் நெட்டுவாக்கில் ஒட்டுங்கள். அதன் அகலம் 21 செ.மீ. பதிவிலிருந்து ஒரு நிலைப்படத்தை எடுத்துக் கணினியில் பெரிதாக்கி, தாளின் குறுக்கே எத்தனை புள்ளிகள் என்று எண்ணுங்கள். 52-க்குக் குறையாமல் இருந்தால் மீட்டருக்கு 250 கிடைத்துவிட்டது. 22 தான் என்றால் லென்ஸை மாற்றச் சொல்லுங்கள், அல்லது கேமராவைக் கேட் தூணுக்கே கொண்டுபோகச் சொல்லுங்கள். நேரலையில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்; செல்பேசியின் சிறிய திரையில் எல்லாமே துல்லியமாகத்தான் தோன்றும்.

அதே சோதனையை இரவிலும் செய்ய வேண்டும், ஏனென்றால் இரவில் கேமரா வேறொரு ஒளியில் பார்க்கிறது. கேமராவுக்குள் இருக்கும் சிலிக்கான் உணரி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் ஏறத்தாழ 1100 நானோமீட்டர் வரை உணரக்கூடியது. பகலில் அந்த ஒளி நிறங்களைக் கெடுக்கும் என்பதால் லென்ஸுக்குப் பின்னால் ஒரு வடிகட்டி அதைத் தடுத்து நிறுத்துகிறது. இருட்டியதும் அந்த வடிகட்டி விலகுகிறது. கேமராவின் கீழே நின்றால் அந்த மெல்லிய "டிக்" சத்தம் கேட்கும். உடனே லென்ஸைச் சுற்றியுள்ள சிறு எல்இடிகள் 850 நானோமீட்டர் ஒளியைப் பாய்ச்சத் தொடங்குகின்றன. இருளில் உற்றுப் பார்த்தால் மங்கிய சிவப்பாகத் தெரியும். 940 நானோமீட்டர் எல்இடிகளும் உண்டு. அவை துளியும் தெரியாது, ஆனால் அந்த அலைநீளத்தில் உணரியின் திறன் குறைவு, எட்டும் தொலைவும் குறைவு.

இந்த ஒளியில் உலகம் வேறு மாதிரி இருக்கும். இலைகள் அகச்சிவப்பைத் திருப்பியனுப்புவதால் வேப்பமரமும் செம்பருத்திச் செடியும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துத் தெரியும். பல துணிச் சாயங்கள் இந்த ஒளியை உறிஞ்சுவதில்லை. கறுப்புச் சட்டை போட்டு வந்தவன் பதிவில் வெள்ளைச் சட்டையில் இருக்கலாம். இரவுப் பதிவைப் பார்த்து உடையின் நிறத்தைக் காவல்துறையிடம் உறுதியாகச் சொல்லிவிடாதீர்கள். வாகன எண் பலகையின் பரப்பு வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்புவது. நேரே விளக்கு பாய்ந்தால் எண்கள் கரைந்து வெறும் வெள்ளைப் பட்டை மிஞ்சும்.

அட்டைப் பெட்டியில் "இரவுப் பார்வை 30 மீட்டர்" என்று அச்சிட்டிருந்தால், அந்தத் தொலைவில் ஓர் உருவம் அசைவது தெரியும் என்று மட்டும் பொருள்கொள்ளுங்கள். தொலைவு இரட்டித்தால் மேலே விழும் ஒளி கால் பங்காகிவிடுகிறது. பக்கத்திலேயே வெள்ளைச் சுவர் இருந்தால் இன்னும் மோசம்: சுவர் பளீரென்று தெரிய, கேமரா ஒளியளவைக் குறைத்துக்கொள்ள, அப்பால் இருக்கும் கேட் இருளில் மூழ்கிவிடும். லென்ஸ் முன் சிலந்தி கட்டிய ஒற்றை நூலும் இதையே செய்யும். மாதம் ஒருமுறை துடைப்பத்தால் ஒட்டடை அடிக்கும்போது கேமராவையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும்விட முகத்தை அழிப்பது அசைவு. வெளிச்சம் போதாதபோது கேமரா ஒவ்வொரு படத்துக்கும் நொடியில் 25-இல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கிறது. நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் குறுக்கே நடப்பவர் அதற்குள் 6 செ.மீ. நகர்ந்துவிடுவார். மீட்டருக்கு 250 புள்ளிகள் என்றால் 15 புள்ளி அகலத்துக்கு இழுவல். மொத்த முகமே 40 புள்ளிதான்! திறந்திருக்கும் நேரத்தை நொடியில் 100-இல் ஒரு பங்காக அமைத்தால் இழுவல் நான்கு புள்ளிக்குள் அடங்கும். ஆனால் நான்கு மடங்கு வெளிச்சம் வேண்டும். அதற்கு வழி எளிது. கேட்டருகே ஒரு 9 வாட் எல்இடி பல்பை இரவெல்லாம் எரிய விடுங்கள். எட்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கும் கேமராவைவிட அந்தப் பல்பு அதிகம் உதவக்கூடும். நிறத்தோடு இரவைப் பதியும் கேமராக்களும் சுற்றுப்புற வெளிச்சத்தையோ தம்மிடமுள்ள வெள்ளை விளக்கையோ நம்பியவைதான்.

ஆள் நடமாட்டத்தை உணர்ந்து செல்பேசிக்குச் செய்தி அனுப்பும் சில கேமராக்களில், குறிப்பாக பேட்டரியில் இயங்குபவற்றில், உடல் வெப்பத்தை உணரும் பிஐஆர் உணரி இருக்கும். பின்னணியைவிட உடல் எவ்வளவு மாறுபட்ட வெப்பத்தில் இருக்கிறது என்பதை வைத்து அது இயங்குகிறது. சித்திரை வெயிலில் காய்ந்த சுவரும் மனிதத் தோலும் ஏறக்குறைய ஒரே வெப்பத்துக்கு வந்துவிடும் நம் ஊர்களில், அந்த உணரி மந்தமாகிவிடும். நேரே கேமராவை நோக்கி வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரை அது நன்றாகப் பிடிக்கும் என்பதால், நடைபாதைக்குப் பக்கவாட்டில் மாட்டுவதே முறை.

பதிவைச் சேமிப்பது அடுத்தது. 2 மெகாபிக்சல் படத்தை நொடிக்கு 25 வீதம் சுருக்காமல் அனுப்பினால் நொடிக்கு 600 மெகாபிட்டைத் தாண்டும். சுருக்க முறைகள் முழுப்படத்தை எப்போதாவது ஒருமுறை மட்டும் வைத்துக்கொண்டு, இடைப்பட்ட படங்களில் மாறிய பகுதிகளை மட்டும் எழுதுகின்றன. எச்.264 என்ற சுருக்க முறையில் நொடிக்கு 4 மெகாபிட் அளவு போதும். அதன் பின் வந்த எச்.265 அதையும் ஏறத்தாழப் பாதியாக்குகிறது. 4 மெகாபிட் என்றால் ஒரு கேமராவுக்கு ஒரு நாளைக்கு 43 ஜிபி. நான்கு கேமராவுக்கு 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஆறு நாளைக்குக்கூட வராது. பத்து நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் முதல் நான்கு நாள் அழிந்திருக்கும். 2 டிபி வாங்கி எச்.265-இல் அமைத்தால் மூன்று வாரம் தாங்கும். பதிவுகளைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். திருடன் முதலில் தூக்குவது அதைத்தான்.

வயரைப் பற்றிச் சுருக்கமாக: புதிதாக வீடு கட்டுகிறவர்கள் பூச்சு வேலைக்கு முன்பே ஒவ்வொரு மூலைக்கும் குழாய் பதித்து நெட்வொர்க் கேபிள் இழுத்துவிடுவது உத்தமம். அந்த ஒரே கேபிளில் மின்சாரமும் படமும் 100 மீட்டர் வரை செல்லும். செம்பு பூசிய அலுமினியக் கம்பியை மலிவென்று வாங்க வேண்டாம். மின்னழுத்தம் வழியிலேயே குறைந்து, இரவில் எல்இடி எரியும்போது கேமரா அணைந்து அணைந்து எழும். வைஃபை கேமராவானால் ரூட்டரையும் இன்வெர்ட்டரில் இணைத்தால்தான் மின்வெட்டில் வேலை செய்யும். திறந்தவெளிக்கு, தூசியும் நீரும் புகாது என்பதைக் காட்டும் ஐபி66 அல்லது ஐபி67 குறியீடு வேண்டும்.

கேமரா என்பது இணையத்தோடு சேர்ந்த கணினி. 2016இல் மிராய் என்ற தீநிரல், ஆலையில் வைத்து அனுப்பிய கடவுச்சொற்களில் அறுபதுக்கும் மேற்பட்டவற்றைப் போட்டுப் பார்த்தே உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் கைப்பற்றியது. அந்த அக்டோபர் 21 அன்று அவற்றை ஏவி அமெரிக்காவில் பல முன்னணி இணையதளங்களை முடக்கினார்கள். இந்தியாவிலும் 2025 ஏப்ரல் முதல் கண்காணிப்புக் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையும் சான்றும் கட்டாயம். வாங்கும்போது அதைக் கேட்டுப் பாருங்கள், மாட்டி முடித்த அன்றே கடவுச்சொல்லை நீங்களே மாற்றுங்கள். எதிர்வீட்டுச் சன்னல் படத்தில் விழுந்தால், அமைப்புகளில் அந்தப் பகுதியைக் கறுப்புக் கட்டத்தால் மறைத்துவிடுங்கள்; அண்டை வீட்டாருக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை அது.

டிவிஆரின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்றும் அவ்வப்போது பாருங்கள். ஏதேனும் நடந்துவிட்டால், பதிவு மேலெழுதப்படுவதற்குள் உரிய பகுதியைக் கேமராவின் மூல வடிவிலேயே பிரதி எடுக்க வேண்டும். திரையைச் செல்பேசியில் படம்பிடித்து வைத்தால் புள்ளிகள் மேலும் சிதையும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்கச் சான்றிதழ் வேண்டும். அதில், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஹேஷ் எண்ணும் இடம்பெற வேண்டும். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அந்த எண் முற்றிலும் மாறிவிடும் என்பதால், பதிவில் யாரும் கைவைக்கவில்லை என்பதை அதைக்கொண்டு சரிபார்க்க முடியும்.