மாடித் தோட்டத்து ட்ரம்முக்குள் 230 வோல்ட் எதற்கு?

மழை தொடங்கியதும் வருகிற புகார் இது: "மாடியில ட்ரம் தண்ணியைத் தொட்டா சுர்ருங்குது." போய்ப் பார்த்தால் வீட்டுக்கு வீடு ஒரே கதைதான். நீல ட்ரம்முக்குள் ஏர்கூலரில் போடும் 230 வோல்ட் பம்ப். கைப்பிடிச் சுவர் ஓரமாக, பாலித்தீன் கவர் சுற்றிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதன் பக்கத்தில், செடிக்குத் தானாகத் தண்ணீர் விட, சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய ரிலே போர்டும் (பம்பை ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்ச்), அதை இயக்கும் ஈஎஸ்பி32 என்ற வை-ஃபை போர்டும். கத்தரியும் வெண்டையும் நன்றாகத்தான் காய்த்திருக்கும்.

கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: "எம்சிபி இருக்கே சார், ட்ரிப் ஆயிடும்."

ஆகாது. எம்சிபி, அதாவது அளவுக்கு மீறிக் கரண்ட் பாய்ந்தால் அணையும் சுவிட்ச், வயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது, உங்களைக் காப்பாற்ற இல்லை. ஈரக் கையும் ஈரக் காலுமாக நிற்பவரின் உடம்பு சுமார் 1000 ஓம் மின்தடை என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டில் 0.23 ஆம்பியர் பாயும். இதயத் துடிப்பைக் குலைக்க அது தாராளம். 16 ஆம்பியர் எம்சிபிக்கோ அது ஒரு சின்ன பல்பு எரிகிற மாதிரிதான், பேசாமல் ஆன் ஆகவே இருக்கும். கரண்ட் கசிவைப் பார்த்து அணைப்பது ஆர்சிசிபி என்ற வேறொரு சுவிட்ச், அதிலும் 30 மில்லி ஆம்பியர் என்று போட்டிருப்பது. 100, 300 எல்லாம் ஆளைக் காப்பாற்ற வாங்குவது கிடையாது. மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழவில்லை என்றால் மாற்றுங்கள். எர்த் வயரும் சரியாக இருக்கட்டும். எர்த் இல்லாவிட்டால், யாராவது தொட்ட பிறகுதான் ஆர்சிசிபிக்கே விஷயம் தெரியும்.

இன்னொரு நம்பிக்கை: "ரிலே ஆஃப்ல இருக்கு, அதனால பம்ப்ல கரண்ட் இல்லை." ரிலே ஒரு வயரைத்தான் துண்டிக்கிறது. ரெண்டு பின் பிளக்கைத் திருப்பிச் செருகினால் துண்டிக்கப்படுவது நியூட்ரல். பம்ப் நின்றிருக்கும், ஃபேஸ் தண்ணீருக்குள்ளேயே இருக்கும். பம்ப் சீல் விட்டிருந்தால் மேலே சொன்ன சுர்ர் இதுதான்.

என்ன செய்யலாம்? 12 வோல்ட் டிசி பம்ப் வாங்குங்கள். பிஐஎஸ் பதிவு முத்திரை உள்ள அடாப்டர் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும், மாடிக்கு 12 வோல்ட் வயர் மட்டும் போகட்டும். வயரில் கஞ்சத்தனம் வேண்டாம். 2 ஆம்பியர் பம்புக்கு 15 மீட்டர் தூரம் 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டாலே போக வர 1 வோல்ட்டுக்கு மேல் இறங்கும். அதைவிட மெல்லியதென்றால் பம்ப் திணறும். வரிசையில் 3 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று. பம்பின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு, வெள்ளிக் கோடு பிளஸ் பக்கம். இது இல்லாமல்தான் பம்ப் நிற்கும்போதெல்லாம் போர்டு தானாக ரீசெட் ஆகிறது. புரோகிராமை நாலு நாள் திட்டிக்கொண்டிருப்பார்கள், பாவம்.

மண் ஈரம் பார்க்கும் சென்சரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முள்கரண்டி மாதிரி இருப்பதை வாங்காதீர்கள், மண்ணில் கொஞ்ச நாளிலேயே அரித்துவிடும். உலோகம் மண்ணில் படாத கெப்பாசிட்டிவ் வகையை வாங்குங்கள். அதில் என்இ555 சிப் இருந்தால் 3.3 வோல்ட்டில் ஒழுங்காக ஓடாது, டிஎல்சி555 இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். போர்டின் வெட்டிய ஓரங்களில் நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு, சென்சரில் வரைந்திருக்கும் கோட்டுக்கு மேலே மண் ஏறக் கூடாது. வை-ஃபை ஓடும்போது ஈஎஸ்பி32-இல் சென்சர் அளவை வாங்கும் பின்களில் ஏடிசி2 பிரிவு படிக்காது, அதனால் 32 முதல் 39 வரை உள்ளவற்றில் கொடுங்கள். காய்ந்த கலவையில் ஒரு அளவு, நனைத்து வடிய விட்ட அதே கலவையில் ஒரு அளவு. இந்த இரண்டையும் உங்கள் தொட்டியிலேயே எடுங்கள். நெட்டில் யாரோ போட்ட எண் உங்கள் கோகோபீட்டுக்குப் பொருந்தாது.

சென்சரை மட்டும் நம்பிப் பம்பை விடாதீர்கள். சென்சர் வயர் அறுந்து அளவு வரம்புக்கு வெளியே போனால் பம்ப் ஓடக் கூடாது என்று புரோகிராமில் எழுதுங்கள். ஒரு தடவைக்கு 60 விநாடி, பிறகு 10 நிமிடம் ஓய்வு, தண்ணீர் ஊற நேரம் வேண்டுமே. ட்ரம்மில் மிதவை சுவிட்ச் ஒன்று, வெறும் பம்ப் ஓடிக் கருகாமல் இருக்க.

பம்ப் நின்ற பிறகும் ட்ரம் காலியாகிறதா? ட்ரம் நீர்மட்டம் தொட்டியைவிட உயரத்தில் இருந்தால் சைஃபனாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டேயிருக்கும். குழாயின் மிக உயர்ந்த இடத்தில், நீர்மட்டத்துக்கு மேலே, ஊசி முனை அளவு ஓட்டை போடுங்கள். நின்றுவிடும்.

போர்டு இருக்கும் பெட்டி தூசியும் மழையும் புகாத ஐபி65 ரகமாகட்டும், வெள்ளை நிறமாகட்டும். மே மாதத்து மாடி வெயிலில் கறுப்புப் பெட்டிக்குள் எலக்ட்ரானிக்ஸ் வெந்துபோகும். வயர்கள் அடிப்பக்கமாக நுழையட்டும். ட்ரம்மை மூடி, விளிம்பில் வலை கட்டுங்கள், டெங்குக் கொசு முட்டையிடுவது தேங்கிய இந்த நல்ல தண்ணீரில்தான். 230 வோல்ட் பம்ப் ஏற்கெனவே மாடியில் இருக்கிறதா? தயவுசெய்து, ட்ரம்மில் கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது.