வாழ்த்தோவியத்தை இலவசமாகப் பகிரும் ஓவியர்களுக்கு

ஒவ்வொரு புத்தாண்டுக்கும் நற்பேற்றுச் சின்னம் ஒன்றை வரைந்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் இடுவது என் வழக்கம். ஓராண்டு குதிரை லாடம் வரைந்தேன். அதன் வாயை மேல்நோக்கி வைப்பதா கீழ்நோக்கி வைப்பதா என்பதிலேயே அரை நாள் போயிற்று. மேல்நோக்கினால் பேறு உள்ளே தங்கும் என்பாரும் உண்டு, கீழ்நோக்கினால்தான் வருவோர்மீது பொழியும் என்பாரும் உண்டு. மூன்றாம் நாள் அதே படம் ஒரு நிறுவனத்தின் வாழ்த்தட்டையாக எனக்கே வந்து சேர்ந்தது. வலது கீழ்மூலையில் நான் இட்டிருந்த கையொப்பத்தை நறுக்கிவிட்டு, அங்கே தங்கள் லோகோவை வைத்திருந்தார்கள். கேட்டதற்கு, "இலவசம் என்று நீங்கள்தானே போட்டிருந்தீர்கள்?" என்றார்கள்.

அதில் என் பிழையும் இருந்தது. எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேனே ஒழிய, எதற்காக, எந்த வரம்புக்குள் என்று எழுதவில்லை. ஆயினும் இலவசமாகத் தருவதாலேயே பதிப்புரிமை கைமாறிவிடாது. 1886இல் உருவான, பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை, 1908ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து, அந்த உரிமையைப் பெறப் பதிவு போன்ற எந்தச் சடங்கும் தேவையில்லை என்கிறது. இன்னார் படைத்தது என்று உரிமை கோருவதையும், நற்பெயருக்குக் கேடு வரும்படி படைப்பைச் சிதைப்பதை எதிர்ப்பதையும் 1928ஆம் ஆண்டுத் திருத்தம் படைப்பாளியின் உரிமைகளாகச் சேர்த்தது.

ஆகவே படத்தோடு ஒரு வரி நிபந்தனை எழுதிவிடுங்கள். படைப்பை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் ஆயத்த அனுமதி வாசகங்களாக 2002 முதல் வழங்கப்பட்டுவரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில், பெயர் குறிப்பிட வேண்டும், வணிகத்துக்குப் பயன்படுத்தலாகாது, மாற்றியதைப் பகிரலாகாது என்ற மூன்றையும் ஒருங்கே சொல்லும் வகை வாழ்த்தோவியத்துக்குப் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் ஒருமுறை அப்படிக் கொடுத்ததை, நிபந்தனையை மீறாதவரிடமிருந்து பிறகு திரும்பப் பெற முடியாது என்பதை அறிந்தே கொடுக்க வேண்டும்.

அடுத்தது கோப்பின் அளவு. 1080 பிக்சல் சதுரப் படம் கைபேசித் திரைக்குத் தாராளம். அதையே அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுத் தரத்தில் அடித்தால் 9 சென்டிமீட்டருக்குச் சற்றே மேல்தான் வரும். எனவே பொதுவில் இதை மட்டும் இட்டு, மூலக்கோப்பை என்னிடமே வைத்துக்கொள்கிறேன். வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் கோப்பு சுருங்குவதோடு, அதனுள் பொதித்த ஓவியரின் பெயர்க்குறிப்பும் உதிர்ந்துவிடும். பொன்னிற மென்கோடுகளின் ஓரத்தில் கட்டங்கட்டமாக அழுக்குப் படிந்ததுபோல் தெரியும். அதையே டாக்குமெண்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போய்ச் சேரும்.

உரியவர் பெயரை மங்கலாகப் பதிக்கும் நீர்க்குறியைப் படத்தின் குறுக்கே போடச் சொல்வோர் உண்டு. வாழ்த்துப் படத்தின் முகத்தில் அப்படிக் கோடு கிழிக்க எனக்கு மனம் வருவதில்லை. இப்போதெல்லாம் லாடத்தில் ஏழு ஆணித்துளைகள் வரைகிறேன். மூன்றாவது துளையிலிருந்து நான்காவதற்கு வளைந்து ஓடும் கீறல்தான் என் பெயர்.