பி.எம்.எஸ். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளாது

மேசையில் திறந்து கிடப்பது மின்சைக்கிளின் 48 வோல்ட் லித்தியம் பற்றரி ஒன்று. 13எஸ்-4பி, அதாவது நான்கு நான்கு செல்லாக 13 கூட்டம் தொடராக, மொத்தம் 52 செல். மூன்றாம் கூட்டத்தில் ஒரு செல்லின் நீல உறை தலைப்பக்கம் கருகி, செல்களை இணைக்கும் நிக்கல் தகட்டின் ஓரம் செல்லின் தோளோடு உருகி ஒட்டியிருக்கிறது. கொண்டுவந்தவர் கேட்டதும் வழக்கமான கேள்விதான்: "பி.எம்.எஸ். போட்டிருக்கே, பிறகெப்பிடி?" இந்த மாரிக்குள் இதே கேள்வியோடு வந்த நான்காவது பற்றரி இது.

பி.எம்.எஸ். என்பது பற்றரியைக் காவல்காக்கும் மின்னணுப் பலகை. அது தனித்தனிச் செல்லைப் பார்ப்பதில்லை. 13 கூட்டங்களின் வோல்ட்டை மட்டுமே பார்க்கிறது. ஒரு கூட்டத்தில் 4 செல்கள் சமாந்தரமாகப் பிணைந்திருப்பதால் நான்குக்கும் ஒரே வோல்ட்தான். ஒன்று பழுதாகித் தானாக வடியத் தொடங்கினால் மற்ற மூன்றும் அதை நிரப்பிக்கொண்டே இருக்கும்; பழுது மெல்லியதாக இருக்கும்வரை மீற்றரில் எல்லாம் சரியாகத் தெரியும். அதே செல் உள்ளே ஷோட் ஆனால் மூன்றும் தங்களிடம் உள்ளதை அதற்குள் கொட்டும். அந்த மின்னோட்டம் தகட்டின் வழியே கூட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறது, பி.எம்.எஸ். பக்கம் வருவதே இல்லை. தன் வழியாகப் போகாத மின்னோட்டத்தை அது எப்படி வெட்டும்? வெப்ப உணரி இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றே ஒன்று, ஒரே ஒரு மூலையில். போதாததற்கு, வெட்டவேண்டிய மொஸ்பெட் என்ற மின்னணுச் சுவிச்சு பழுதாகும்போது பெரும்பாலும் மின்னோட்டத்தை விட்டபடியே செத்துப்போகிறது. பிறகு காவல் இருக்கிறது என்ற நம்பிக்கை மட்டும்தான் மிச்சம்.

"பலன்ஸ் பண்ணும்தானே", அதாவது கூட்டங்களைச் சமப்படுத்தும்தானே என்பது அடுத்த பதில். சாதாரண பி.எம்.எஸ். பலன்ஸ் பண்ணும் வேகம் ஏறத்தாழ 50 மில்லி அம்பியர். 10 அம்பியர்-மணிக் கூட்டத்தில் 5 சதவீத வித்தியாசம் என்றால் 500 மில்லி அம்பியர்-மணி. அதைச் சரிசெய்ய 10 மணிநேரம் வேண்டும். பழைய லப்டொப் செல்லையும் புதுச் செல்லையும் கலந்து கட்டியவரின் பற்றரியில் அந்த வித்தியாசம் ஒவ்வொரு நாளும் திரும்ப வரும்.

ஆகவே செல்லில் இருந்து தொடங்குங்கள். 18650 என்ற இந்த உருளைச் செல்லில் 9900 மில்லி அம்பியர்-மணி என்று அச்சடித்திருந்தால் அது பொய். இந்த அளவில் உண்மையான செல் பெரும்பாலும் 3500 மில்லி அம்பியர்-மணிக்கு மேல் போகாது. நகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். நல்ல செல் 45 கிராம் அளவில் நிற்கும். பழைய செல் என்றால் 4.20 வோல்ட்டுக்கு நிரப்பி ஒரு நாள் விட்டு அளந்து குறியுங்கள், இரண்டு வாரம் கழித்து மறுபடி அளங்கள். மற்றவற்றைவிட 0.03 வோல்ட் கூடுதலாக இறங்கிய செல்லை ஒதுக்கிவிடுங்கள். 2 வோல்ட்டுக்குக் கீழே போய்க் கிடந்த செல்லை உயிர்ப்பிக்க வேண்டாம். உள்ளே கரைந்த செம்பு, சார்ஜ் ஏறும்போது படிந்து ஷோட்டுக்கு வழி போடும்.

உருகிய அந்தத் தோளுக்கு வருகிறேன். 18650 செல்லின் உலோகக் குவளை முழுவதும் எதிர்முனை. நேர்முனைக் குமிழைச் சுற்றியிருக்கும் விளிம்பும் எதிர்முனைதான்! குமிழுக்கும் விளிம்புக்கும் இடைவெளி சில மில்லிமீற்றர். மேலே போகும் தகட்டைத் தடுப்பது மெல்லிய பிளாஸ்டிக் உறை மட்டும். நிலாவெளி வீதியில் ஆறு மாதம் அதிர்ந்தால் தகட்டின் ஓரம் அந்த உறையை அறுத்துவிடும். ஒவ்வொரு நேர்முனையிலும் ஒட்டும் காகித வளையம் ஒன்று போட்டிருந்தால் இந்தப் பற்றரி கருகியிருக்காது. 52 வளையம், அரை மணிநேர வேலை.

தகடு தூய நிக்கலாக இருக்கவேண்டும். காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, நிக்கலும் ஒட்டும். கத்தியால் கீறி, ஒரு கோப்பைக் கடல்தண்ணீரில் இரவு முழுக்கப் போடுங்கள். கீறலில் துரு வந்தால் அது நிக்கல் பூசிய இரும்பு. அதற்கு மின்தடை அதிகம், சூடும் அதிகம். நம் கடற்காற்றில் ஒரு வருடத்தில் பழுப்பாகிவிடும். 8 மில்லிமீற்றர் அகலம், 0.15 தடிப்புத் தூய நிக்கலுக்கு 5 முதல் 7 அம்பியர்தான் கணக்கு. மோட்டாருக்கு மின் கொடுக்கும் கன்ட்ரோலர் 20 அம்பியர் இழுத்தால் ஒற்றைத் தகடு போதாது. செல்லில் நேரடியாக ஈயம் பற்றவைக்காதீர்கள், ஸ்பொட் வெல்டிங் மட்டும். ஈரத்துக்குச் சிலிக்கன் பூசுபவர்கள் வினாகிரி மணக்கும் வகையைத் தொடவேண்டாம், அது செம்பை அரிக்கும்.

பியூஸ் கட்டாயம். கார் பியூஸ் வேண்டாம்: அது 32 வோல்ட்டுக்கானது. 54 வோல்ட்டில் கம்பி உருகினாலும் பொறி தொடர்ந்து எரியலாம்.

சார்ஜர் விடயத்தில் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். 13எஸ் பற்றரிக்கு 54.6 வோல்ட் சார்ஜர். 14எஸ் சார்ஜர் 58.8 தரும், ஈய பற்றரியின் 48 வோல்ட் சார்ஜரும் ஏறத்தாழ அவ்வளவே தரும். பிளக் ஒன்றுபோல இருக்கிறது என்பதற்காகச் செருகுகிறார்கள். 58.8 ஐ 13 ஆல் பிரித்தால் செல்லுக்கு 4.52 வோல்ட். அதைத் தடுக்க மேலே சொன்ன அதே மொஸ்பெட் ஒன்றுதான் நிற்கிறது. மல்டிமீற்றரால் சார்ஜரை அளந்துவிட்டுச் செருக ஒரு நிமிடம் போதும்.

இலங்கையின் 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் பூட்டிய பற்றரிகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. மாதம் ஒருமுறை பலன்ஸ் வயர்களில் 13 கூட்டத்தையும் அளந்து கொப்பியில் எழுதுங்கள். ஒரே கூட்டம் மாதாமாதம் 0.05 வோல்ட்டுக்கு மேல் பின்தங்கினால் அதைத் தனியாக நிரப்பிச் சமாளிக்காதீர்கள், அங்கே ஒரு செல் போகிறது. கனெக்டரில் பச்சை பிடித்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். ஓடாமல் வைப்பதென்றால் 47 முதல் 49 வோல்ட்டில் வையுங்கள். சூடான கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே வேண்டாம்.

தம்பிமாரே, இரவில் சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்காதீர்கள். பிள்ளைகள் தூங்கும் அறையிலும் வேண்டாம், அவசரத்தில் வெளியே ஓடவேண்டிய வாசலிலும் வேண்டாம். சைக்கிள் ஓடி வந்தபின் அரை மணிநேரம் ஆறவிட்டு, சீமெந்துத் தரையில், விறாந்தையில், நீங்கள் விழித்திருக்கும்போது போடுங்கள்.

சீறும் சத்தம், பெயின்ற் தின்னர் போன்ற மணம், தொட முடியாத சூடு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு ஆட்களை வெளியேற்றுங்கள். புகையில் ஐதரசன் புளோரைட்டு இருக்கும், சுவாசிக்காதீர்கள். பொடி அணைப்பான் சுவாலையை அடக்கும், செல்லின் உள்வெப்பத்தைக் குறைக்காது. பக்கத்துச் செல் அடுத்துப் பிடிக்கும். தூரத்தில் நின்று ஏராளமாகத் தண்ணீர் அடிப்பதுதான் குளிர்விக்கும். வெள்ளத்திலோ கடல்தண்ணீரிலோ நனைந்த பற்றரியைக் காயவைத்துச் சார்ஜ் போடவேண்டாம். அதை வெளியில், சுவரிலிருந்தும் வேலியிலிருந்தும் தள்ளி வையுங்கள். அணைந்துபோன பற்றரியும் சில மணிநேரம் கழித்துத் திரும்பப் பற்றலாம், அன்றைக்கே வீட்டுக்குள் எடுக்காதீர்கள்.