வெள்ளையாக ஒரு கடற்காகம்: நிறத்தைக் கடைசியில் பாருங்கள்

அயர்லாந்தின் கில்லிபெக்ஸ் மாதிரி ஒரு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஜனவரியில் போனால், மீன் கழிவுக்காக அடித்துக்கொள்ளும் ஹெர்ரிங் கடற்காகங்களைக் கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம். பெரியவற்றுக்குச் சாம்பல் முதுகும் கறுப்பு இறக்கை நுனியும் இருக்கும், இளசுகள் உடம்பு முழுக்கப் பழுப்புத் திட்டுகளோடு இருக்கும். அந்தக் கூட்டத்தில் ஒன்று மட்டும் பளிச்சென்று வெள்ளையாக நின்றால், அது ஆர்க்டிக்கிலிருந்து இறங்கி வந்த வேறு இனமா, இல்லை நிறம் போன உள்ளூர்ப் பறவையா? வெள்ளையாக இருப்பதால்தான் அது கண்ணில் பட்டது, சரி, ஆனால் அந்த வெள்ளை மட்டும் எதையும் நிரூபிக்காது.

முதலில் உண்மையான வெள்ளை இறக்கைக்காரர்களைப் பார்ப்போம். அட்லாண்டிக் பக்கம் முக்கியமாக இரண்டு. ஒன்று கிளாக்கஸ் கடற்காகம், ஆர்க்டிக்கைச் சுற்றிலும் கூடு கட்டும் தடித்த பெரிய பறவை. இன்னொன்று ஐஸ்லாந்து கடற்காகம். பெயர் அப்படி இருந்தாலும் அது குஞ்சு பொரிப்பது கிரீன்லாந்திலும் வடகிழக்குக் கனடாவிலும்தான், ஐஸ்லாந்துக்குக் குளிர்காலத்தில் வந்து போகும். இரண்டையும் பிரிக்க எனக்குப் பிடித்த வழி, பறவை உட்கார்ந்திருக்கும்போது இறக்கை நுனி வாலைத் தாண்டி எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்த்து, அதை அதன் அலகோடு ஒப்பிடுவது. அலகைவிட நீளமாக இருந்தால் பெரும்பாலும் ஐஸ்லாந்து, குட்டையாக இருந்தால் கிளாக்கஸ். முதல் குளிர்காலத்து கிளாக்கஸின் அலகு இளஞ்சிவப்பு, நுனி மட்டும் கோடு கிழித்தாற்போல் கறுப்பு. அதே வயது ஐஸ்லாந்து பறவைக்கு அலகு சின்னது, பெரும்பகுதி கறுத்திருக்கும், அந்தக் கறுப்பு அடிப்பக்கம் நோக்கி மெல்ல மங்கிப் போகும். தலையும் உருண்டையாக, முகம் சாதுவாகத் தெரியும்.

அடுத்தது பிறவியிலேயே நிறம் இல்லாத உள்ளூர்ப் பறவை. இறகின் கறுப்பு, சாம்பல், பழுப்பு எல்லாம் மெலனின் என்ற நிறமி தருவது. அதைத் தயாரிக்கும் செல்கள் தோலுக்குப் போய்ச் சேராவிட்டால் இறகு வெள்ளையாக முளைக்கும், இதுதான் லூசிசம். கண்ணின் நிறம் மாறாது. அல்பினோ வேறு, அதற்கு மெலனின் எங்குமே கிடையாது, கண்ணும் சிவந்திருக்கும், பார்வை மோசம் என்பதால் இயற்கையில் பெரிதாக வளர்ந்து நிற்பது அபூர்வம். ஆகவே வளர்ந்த வெள்ளைப் பறவை எதைப் பார்த்தாலும் அல்பினோ என்று சொல்லிவிடுவது பெரும்பாலும் தவறு. அலகின் மஞ்சளும் அதிலுள்ள சிவப்புப் பொட்டும் உணவிலிருந்து வரும் கரோட்டினாய்டு என்ற வேறு நிறமி, மெலனின் இல்லாவிட்டாலும் அவை அப்படியே இருக்கும். இளசாக இருந்தால் கிளாக்கஸ் அலகின் அந்தக் கச்சிதமான கறுப்பு நுனி லூசிசப் பறவைக்கு அமைவது அரிது. உடம்பும் ஹெர்ரிங் உடம்பாகவே இருக்கும். இன்னொன்று, இள கிளாக்கஸ் குளிர்காலத்தில் சுத்த வெள்ளை கிடையாது, பிஸ்கட் நிறத்தில் முதுகிலும் வாலடியிலும் மெல்லிய வரிகள் ஓடும். வரியே இல்லாத பனி வெள்ளையைக் குளிர்காலத்தில் கண்டால் லூசிசத்தைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

அப்புறம் வெயில். அதிகம் பேரை ஏமாற்றுவது இதுதான். இள ஹெர்ரிங் கடற்காகம் கூட்டிலிருந்து வந்தபோது முளைத்த பறக்கும் இறகுகளையே அடுத்த வருடம் கோடை வரை சுமக்கிறது. கொடியில் மாதக்கணக்கில் கிடந்த கறுப்புச் சட்டை போல, ஏப்ரல், மே மாதத்துக்குள் பழுப்பு வெளுத்துப் பால் நிறத்துக்கு வந்துவிடும். மெலனின் நிறம் மட்டும் தருவதில்லை, இறகை உறுதியாகவும் வைத்திருக்கிறது. அதனால் மெலனின் இல்லாத பகுதிதான் முதலில் தேய்ந்து உதிரும். முதுகையொட்டிய பெரிய இறகு ஒன்றை டெலஸ்கோப்பில் நெருங்கிப் பாருங்கள், ஓரத்தில் இருந்த வெள்ளைப் பற்கள் உதிர்ந்து, பழுப்பு மட்டும் ரம்பம் மாதிரி மிஞ்சியிருக்கும். இறக்கையை விரிக்கும்போது இன்னும் தெளிவாகும். மற்ற இறகின் நிழலில் மறைந்திருந்த பகுதி இன்னும் பழுப்பாகவே இருக்கும், வெளியே தெரிந்த பகுதி மட்டும்தான் வெளுத்திருக்கும். லூசிசத்தில் இப்படி வெயில் பட்ட இடம், படாத இடம் என்ற பாகுபாடு இருக்காது.

மே மாதத்துக்குப் பிறகு இதைவிட நல்ல சாட்சி கிடைக்கும். இறக்கை நுனியின் நீண்ட இறகுகள் உள்பக்கமிருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்து புதிதாக முளைக்கும். ஹெர்ரிங்காக இருந்தால் வெளுத்த பழைய இறகுகளுக்குப் பக்கத்தில் புது இறகு கருமையாக எட்டிப் பார்க்கும். கிளாக்கஸும் இந்தப் பருவத்தில் வெளுத்து ஏறக்குறைய சுத்த வெள்ளையாகிவிடும் என்பதால் குழப்பம் கூடும், ஆனால் அதன் புது இறகும் வெளிறியே முளைக்கும், அலகின் கறுப்பு நுனியும் இருக்கும்.

இடையில் 'பிரவுன்' என்ற ஒரு மரபணு மாற்றமும் உண்டு. பறவைகளின் நிறக் குறைபாடுகளைப் பல வருடங்களாக வகைப்படுத்தி எழுதிவரும் ஹெயின் வான் க்ரோவ் இதை விரிவாக விளக்கியிருக்கிறார். இதில் மெலனின் இருக்கிறது, ஆனால் ஆக்சிஜனேற்றம் முழுமையடைவதில்லை, அதனால் கறுப்பாக வேண்டியது பழுப்பாகவே நின்றுவிடுகிறது, அந்தப் பழுப்பு வெயிலில் வழக்கத்தைவிட வேகமாக வெளுக்கிறது. அதாவது பிறவிக் குறையும் வெயிலும் ஒரே பறவையில் சேர்ந்து வேலை செய்யும்.

கலப்பினங்களைச் சொல்லாமல் விட முடியாது. ஐஸ்லாந்தில் கிளாக்கஸும் ஹெர்ரிங்கும் சேர்ந்து குஞ்சு பொரிக்கின்றன. பிறக்கும் பறவைக்கு கிளாக்கஸ் மாதிரி அலகு இருக்கலாம், ஆனால் நுனி இறகுகளில் இளம்பழுப்பு படிந்திருக்கும், இறக்கையின் பின்னோரத்தில் மங்கலாக ஒரு கருமைப் பட்டையும் தெரியும். இதைப் பிடிக்க விரித்த இறக்கையின் படம் வேண்டும், அதுவும் வெளிச்சம் கூடிப்போகாத படம். வெள்ளைப் பறவையை எடுக்கும்போது கேமராவில் எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்து வையுங்கள், வெளிச்சம் மிஞ்சினால் அந்த இளம்பழுப்புதான் முதலில் காணாமல் போகும்.